பின்படிக்கட்டு

4 ஜனவரி

அண்ணா,

உன் முகவரியை அண்ணிதான் கொடுத்தார். அதற்காக அவரிடம் எகிறாதே. நாலு முறை கேட்டும் கொடுக்கவில்லை, ஐந்தாவது முறை நான் போனிலேயே அழுதுவிட்டதால் கொடுத்தார். என் குரலைக் கேட்டால் நீ போனை வைத்துவிடுவாய். கடிதத்தைக் கிழிப்பதற்காவது கையில் எடுக்க வேண்டுமே, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இப்போது அந்தக் கட்டட வரைபட ஆபீஸில் இல்லை. நீ விட்டுப் போன இரண்டாம் வருஷம் மாடல் பட்டறையை மூடிவிட்டார்கள். பழைய கட்டட மாடல்களையெல்லாம் நகர அலுவலகத்துக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். பெட்டியோடு பெட்டியாக என்னையும் அனுப்பிவிட்டார்கள் என்று வைத்துக்கொள். முன்பு சைக்கிள் கொட்டகையாக இருந்த இடத்தில் எனக்கு ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு கெட்டில். ஊரின் பழைய மாடல்களை ஒரு கூடத்தில் வைத்துக் காட்டப் போகிறார்களாம். அதற்காக ஒவ்வொன்றாகச் சரிசெய்கிறேன். பூச்சி தின்ற அட்டை, உதிர்ந்துபோன பஞ்சு மரங்கள், மஞ்சளடித்த ஜன்னல் தாள்கள். எல்லாம் என்னை மாதிரியே என்று சொன்னால் முன்பெல்லாம் சிரிப்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். வந்துதானே ஆக வேண்டும்.

போன வாரம் ஏழாவது பெட்டியைத் திறந்தேன். வெளியே வேலை எண் மட்டும்தான் இருந்தது. நூற்றுக்கு ஒன்று அளவு, தரையோடு சேர்த்து நாலு தளம், நீளமான கட்டடம். யாரோ மேலே பெயிண்ட் டின்னை வைத்து மொட்டைமாடிச் சுவரை நசுக்கியிருந்தார்கள். அடிப்பலகையைத் துடைத்தபோது தெருப்பெயர் ஒட்டிய பட்டை தெரிந்தது. இன்னொரு முறை துடைத்துவிட்டுத் திரும்பப் படித்தேன்.

அது அந்த விடுதி, அண்ணா. உன் மகள், நம் பொடிசு தங்கியிருந்த விடுதி.

நம் பட்டறையில் செய்ததுதான், பதினாறு வருஷத்துக்கு முன்னால். எட்டுப் பேர் உட்கார்ந்து வருஷத்துக்கு அறுபது மாடல் செய்தோம். எது எங்கே கட்டடமாக எழுந்தது என்று நமக்கு என்ன தெரியும்? வழக்கு நடந்தபோது இதற்கு ஒரு மாடல் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கட்டடத்துக்கு முதலிலிருந்தே ஒரே படிக்கட்டுதான் வரைந்தோம், சட்டப்படி அது போதும் என்று ஆபீஸ்காரர்கள் கோர்ட்டில் சொன்னார்கள். வரைபடங்கள் அழிந்துவிட்டன என்றார்கள். பதினொரு பெண்கள் தீயில் செத்ததற்கு யாரும் பொறுப்பில்லை என்று தீர்ப்பு வந்தது. அன்றைக்குக் கோர்ட்டு வாசலில் என்னைக் காட்டி, “அவங்க சோத்தத் தின்னுட்டு எப்படி நிக்கிறா பாரு” என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை.

அப்பீல் இன்னும் இருக்கிறது என்று அண்ணி சொன்னார். இந்த மாடலை நான் என்ன செய்யட்டும்?

தங்கை

11 ஜனவரி

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

சுற்றி வளைத்து எழுதாதே. உன் கெட்டில் எனக்கு எதற்கு? அப்பீல் மார்ச் 16-ஆம் தேதி. அதோடு எல்லாம் முடிந்துவிடும், அதற்கு மேல் போக இடமில்லை. வக்கீலே “புதுசா ஏதாவது இருந்தா பேசலாம், இல்லன்னா போய்ட்டு வந்த கணக்குதான்” என்று சொல்லிவிட்டார். நான் இங்கே மரப்பெட்டி செய்யும் இடத்தில் ஆணி அடித்துக்கொண்டிருக்கிறேன். மில்லிமீட்டர் தொல்லை கிடையாது. பெட்டி உடையாமல் போய்ச் சேர்ந்தால் சரி.

நன்றாகக் கேட்டுக்கொள். பொடிசின் அறை மூன்றாம் மாடியில், வராந்தாவின் கடைசியில், தெற்கு ஓரம். முன்பக்கம் மீட்டர் பெட்டியில் தீப்பிடித்து அந்த ஒரே படிக்கட்டும் புகையாகிவிட்டது. பிள்ளைகள் புகைக்கு எதிர்ப்பக்கமாக ஓடியிருக்கிறார்கள். பதினொரு பேரும் அவள் அறையில்தான் கிடந்தார்கள். அவளைச் சேர்க்கப் போன அன்று அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் அந்த வராந்தாவில் நடந்திருக்கிறேன். அன்றைக்கே உறுத்தியது. இவ்வளவு நீளக் கட்டடத்துக்குக் கடைசியில் இறங்க வழி வைக்காமல் எவனாவது வரைவானா? வரைந்தவன் போட்டிருப்பான். எவனோ எடுத்திருக்கிறான். நாலு வருஷமாக நான் தொண்டை கிழியக் கத்துவது அது ஒன்றைத்தான். உறுத்தியதைச் சொல்லி அவளைத் திரும்பக் கூட்டி வராமல் வந்தேனே என்பது வேறு கணக்கு. அதை உன்னிடம் எழுதப் போவதில்லை.

தெற்கு ஓரத்தைத் திறந்து பார். தளத்தைத் தனித்தனியாகத் தூக்கு. ஒரு துகளையும் போடாதே. கண்டதைப் போனில் சொல்லாதே, எழுது. எழுத்தில் இருந்தால் வக்கீலிடம் காட்டலாம்.

உன் மேல் கோபம் போய்விட்டதாக நினைத்துக்கொள்ளாதே.

20 ஜனவரி

அண்ணா,

கோபம் இருக்கட்டும். அதுவும் இல்லையென்றால் நமக்குள் வேறு என்ன இருக்கிறது?

ஒன்பது நாள் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். இருக்கிற ஒரு மாடல் இது, அவசரப்பட முடியவில்லை. கூரையை எடுத்தேன். தளங்கள் சாப்பாட்டு அடுக்கு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று வருகின்றன, அதில் சிரமமில்லை. மூன்றாம் மாடியை வெளியே எடுத்து விளக்கடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். வராந்தா என் சுண்டுவிரல் அகலம். இரண்டு பக்கமும் அறைகள். கடைசியில் அவள் அறை. கட்டில்கூட வைத்திருக்கிறோம் அண்ணா, தீக்குச்சியை இழைத்து.

அந்தக் கடைசி அறையின் அட்டை மற்ற அட்டையைவிட வெளுப்பு. முதலில் பூச்சி மருந்தின் வேலை என்று நினைத்தேன். மாடல் முழுக்க மஞ்சள் வஜ்ஜிரப் பசையால் ஒட்டியது, உனக்குத் தெரியுமே, பட்டறையே நாறும். அந்த அறை மட்டும் வெள்ளைப் பசை. எதற்கு என்று நீ கேட்டாயே, அந்தக் கெட்டிலின் ஆவியைத்தான் மெல்லக் காட்டினேன். அரைமணி நேரத்தில் பக்கச் சுவர் நெகிழ்ந்து கையோடு வந்தது.

அடியில் படிக்கட்டின் தடம் இருக்கிறது.

படி இல்லை, எடுத்துவிட்டார்கள். ஆனால் பழைய சுவரில் பசைக் கறையாக அதன் பல்வரிசை அப்படியே நிற்கிறது. பத்துப் படி ஏறி, திரும்பி, இன்னும் பத்துப் படி. எண்ணினேன், மூன்று முறை எண்ணினேன். தரையில் படிக்காக விட்ட ஓட்டையை அளவெடுத்து அட்டை வைத்து மூடியிருக்கிறார்கள். மற்ற மூன்று தளத்திலும் இதே கதை. தெற்கு ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை பின்படிக்கட்டு இருந்திருக்கிறது. அதை வெட்டி எடுத்துவிட்டு, தளத்துக்கு ஓர் அறை கூட்டியிருக்கிறார்கள்.

நீ கத்தியது சரிதான். நாலு வருஷமும் சரிதான். நான்தான் உன்னைப் பார்த்து, போதும் விட்டுவிடு என்று சொன்னேன். அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். சேர்த்த இடம் தெரியவே இல்லை. அவ்வளவு சுத்தமான வேலை. செய்தவர் கைதேர்ந்தவர். எடுத்த துண்டுகளை எடைக்குக் கீழே வைத்துக் காயவிட்டிருக்கிறேன். நாளை திருப்பிப் பார்க்க வேண்டும்.

தங்கை

27 ஜனவரி

சின்னவளே,

உன் கடிதத்தை உன் அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். பத்துப் படி என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். திரும்ப வாசிக்கச் சொன்னாள். பிறகு கடிதத்தை வாங்கி கோர்ட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அந்தப் பையை ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவள்தான் தூக்கிக்கொண்டு வருகிறாள், என்னிடம் தருவதில்லை. அன்றைக்கு இரண்டு பேரும் ஒழுங்காகச் சாப்பிட்டோம். இதைவிட எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

வக்கீலிடம் ஓடினேன். மனிதர் முதல்முறையாக நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் தேதி வேண்டும் என்கிறார். கட்டடம் எழுந்த பிறகு எவனோ மாடலைத் திருத்தினான் என்று அவர்கள் சொல்லிவிடுவார்களாம். கட்டுவதற்கு முன்பே, ஆபீஸ் சொல்லித்தான் எடுத்தார்கள் என்று காட்ட வேண்டும்.

அதற்கு நீயும் நானும் இருக்கிறோமே! மாற்றிய துண்டின் பின்னால், மாற்றச் சொல்லி ஆபீஸ் மாடியிலிருந்து வந்த தாளின் எண், தேதி, அவரவர் குறி போடாமல் நம் பட்டறையில் யார் ஒட்டியிருக்கிறார்கள்? உனக்கு முக்கோணம், எனக்குக் குடை, பக்கத்து மேசைப் பாட்டுக்காரருக்கு ஒரு சுழி. எவன் குறி என்று பார். நீ கண்டதையும் பின்புறம் எழுதியிருப்பதையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. வக்கீல் அதைக் கோர்ட்டில் கொடுக்க வேண்டும்.

ஆபீஸ்காரர்களை விடு, அவர்களுக்கு அறை கூடினால் போதும். எனக்கு அந்த வெட்டினவனைத்தான் பார்க்க வேண்டும். நம்மோடு உட்கார்ந்து டீ குடித்தவன். நூறு பேர் படுத்துத் தூங்கப்போகிற கட்டடத்தில் இருந்து படிக்கட்டை எடுக்கச் சொல்லித் தாள் வருகிறது, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் பிளேடை எடுத்திருக்கிறான். நானாக இருந்தால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேராக மாடிக்குப் போயிருப்பேன். உன் அண்ணி அடுப்படியில் நின்றுகொண்டு, “அந்தக் கை வெளங்குமா?” என்று கேட்கிறாள்.

சீக்கிரம் எழுது.

அண்ணன்

5 பிப்ரவரி

அண்ணா,

நீ கேட்ட தாளைக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். படிக்கட்டின் தடத்தைப் பற்றி எல்லாம் விவரமாக எழுதியிருக்கிறேன், அளவுகளோடு.

பின்புறத்தில் எழுத்து எதுவும் இல்லை. ஈரம் பட்டிருக்கலாம். சில பேர் அவசரத்தில் எழுதாமலும் ஒட்டியிருப்பார்கள், எல்லாரும் உன்னைப்போல் ஒழுங்கா? தாளிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்: மாற்றிய துண்டுகளின் பின்புறம் எழுத்தோ குறியோ இல்லை.

தடமே போதாதா? வெள்ளைப் பசை எந்த வருஷம் பட்டறைக்கு வந்தது என்று வேண்டுமானால் விசாரிக்கலாம். வெட்டியவர் யாராக இருந்தால் என்ன? தாள் வந்தது, வெட்டியிருப்பார். நாமெல்லாம் அப்படித்தானே செய்தோம்.

இங்கே இரண்டு நாளாகக் காய்ச்சல். அதனால் நீளமாக எழுத முடியவில்லை. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

தங்கை

12 பிப்ரவரி

உன் தாளை வக்கீல் கோர்ட்டில் கொடுத்துவிட்டார். எழுத்து இல்லை என்று நீ எழுதியிருக்கும்வரை அது பாதித் தாள்தான் என்றார்.

உனக்குக் காய்ச்சல் என்பதை நான் நம்பவில்லை. எனக்கு உன்னை முப்பத்தெட்டு வருஷமாகத் தெரியும். பொய் சொல்லும்போது நீ என்னைப் புகழ்வாய். ‘எல்லாரும் உன்னைப்போல் ஒழுங்கா’ என்று எழுதும்போதே உன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இங்கிருந்தே தெரிகிறது. நாலு தளம், நாலு துண்டு. நாலிலும் எழுத மறந்தானா? யாரைக் காப்பாற்றுகிறாய்? ஆபீஸில் இருந்து ஆள் வந்து பார்த்தார்களா? பழைய உப்பு இன்னும் நாக்கில் இருக்கிறதா?

நீ சொல்லாவிட்டால் நானே கண்டுபிடிப்பேன் என்று கிளம்பினேன். சேர்த்த இடம் தெரியவில்லை என்று நீதானே எழுதினாய்? நம் எட்டுப் பேரில் அப்படி வேலை செய்யக்கூடியவர்கள் இரண்டு பேர். ஒன்று நான். இன்னொருவர் பாட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். மருமகனோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டு எழுந்தார். நான் சட்டையைப் பிடித்துவிட்டேன். “அந்த விடுதி மாடல்ல கை வெச்சது நீங்கதானே?” என்று கேட்டேன். “எந்த மாடலுப்பா, எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லியே” என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மருமகன் என்னை வெளியே தள்ளினான். வாசலில் நின்று நான் என்னென்னவோ கத்தினேன். அக்கம்பக்கத்தில் எல்லாரும் வந்துவிட்டார்கள். அவருக்கு நெஞ்சுவலி வந்து மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம்.

எனக்கு இரக்கம் வரவில்லை. ஞாபகம் இல்லையாம்! ஒருத்தன் பிள்ளை போகும், இவனுக்கு ஞாபகம் இருக்காது.

இனி நீ எழுதுவதானால் உண்மையை எழுது. இல்லையென்றால் எழுதாதே.

19 பிப்ரவரி

அண்ணா,

பாட்டுக்காரரைப் போய்ப் பார்த்தேன். பிழைத்துவிட்டார். என்னைப் பார்த்து, “உங்க அண்ணன் சொன்னா சொன்னதுதாம்மா, ஒருவேளை நான்தான் செஞ்சிருப்பேனோ” என்று கேட்டார். அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

இதை உட்கார்ந்து படி. அண்ணிக்கு வாசித்துக் காட்டாதே.

அவர் செய்யவில்லை. அது உன் கை.

எனக்குத் துண்டைத் திருப்புவதற்கு முன்பே தெரியும். ஜனவரி 21, காலை. எடையை எடுத்தேன், துண்டை வெளிச்சத்தில் பிடித்தேன், ஓரத்தில் பிளேடு சாய்ந்திருந்த பக்கத்தைப் பார்த்தேன். பட்டறையில் பீச்சாங்கைக்காரன் நீ ஒருத்தன்தான். உன்னை எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறேன், நீ வெட்டினால் அட்டை எதிர்த்திசையில் கும்பிடும் என்று. இல்லை, இருக்காது என்று சொல்லிக்கொண்டே திருப்பினேன். பென்சிலில் இருந்தது. தாள் எண் 14. ஜூன் 9. ஒரு குடை. வருஷமும் போட்டிருந்தாய். கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியது அக்டோபரில். நாலு துண்டிலும் நாலு குடை.

நீ நினைவோடு மறைக்கிறாய் என்று ஒரு நொடிகூட நினைக்கவில்லை. அந்த ஜூன் மாதம் மட்டும் நாம் எத்தனை மாற்றுத் தாள் வாங்கினோம்? வேலை எண் மட்டும்தான் வரும். தெருப்பெயரைக் கடைசியில் வேறு ஆள் ஒட்டுவார். இங்கே சுவர், அங்கே ஜன்னல், இதை எடு, அதை வை. படிக்கட்டை எடு என்றால் எடுப்போம். கேட்டால் மாடியில் இருந்து என்ன பதில் வரும்? “உங்க வேலையப் பாருங்க.” நானும் எத்தனை படிக்கட்டு எடுத்திருக்கிறேனோ, எந்தக் கட்டடத்திலோ, எனக்கும் தெரியாது. அதை நினைத்தால் இப்போது எந்த மாடிக்கும் ஏற முடியவில்லை.

இனிமேல் எழுதப்போவதுதான் என் பாவம். நான் அதை அழித்துவிட்டேன்.

முதலில் ரப்பரால். பென்சில் அழுத்தம் போகவில்லை, நீ எப்போதும் அழுத்தித்தான் எழுதுவாய். அப்புறம் பிளேடால் அட்டையின் தோலையே சுரண்டினேன். நாலு துண்டையும். இந்த மேசைக்கு வந்த நாளிலிருந்து உதிர்ந்த பெயிண்ட் செதிலைக்கூடத் தனி உறையில் போட்டுத் தேதி எழுதி வைக்கிறவள் நான். அந்தச் சுரண்டலை ஊதித் தள்ளினேன். உன் முகம்தான் கண்முன் நின்றது. பொடிசை வெளியே எடுத்து வந்த அன்று நீ சுவரில் தலையை மோதிக்கொண்டாயே, அந்த முகம். இதைப் பார்த்தால் நீ உயிரோடு இருக்க மாட்டாய் என்று பயந்தேன். தேதிதான் உனக்கு வேண்டியது என்று நீ எழுதியதே அதற்கு ஆறு நாள் கழித்துத்தான். அப்போது அட்டையில் ஒன்றும் இல்லை. இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

என்னைத் திட்டு. ஆனால் உயிரோடு இருந்து திட்டு.

தங்கை

2 மார்ச்

உயிரோடுதான் இருக்கிறேன்.

ஒரு வாரமாக உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். முதல் நாள் நீ பொய் சொல்கிறாய் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் ஒரு பழைய அட்டைப் பெட்டியை எடுத்து வெட்டிப் பார்த்தேன். ஓரம் சாய்ந்துதான் வந்தது.

நினைவுபடுத்திப் பார்க்கிறேன், வரவில்லை. ஜூன் 9, என்ன கிழமை, மழையா வெயிலா, யார் தாளைக் கொண்டுவந்தது, ஒன்றும் இல்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பொடிசோடு விளையாடியிருப்பேன், அவளுக்கு அப்போது ஒன்பது வயது. அந்த நாலு படிக்கட்டும் குப்பை டின்னுக்குப் போயிருக்கும். நினைவிருந்தாலாவது அதைப் பிடித்துக்கொண்டு அழலாம். பாட்டுக்காரர் சொன்னதையேதான் நானும் சொல்கிறேன். அவர் வீட்டுக்குப் போனேன், மருமகன் கதவைத் திறக்கவில்லை. வாசலிலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

நீ செய்ததை என்ன சொல்ல? நீ அழித்தது என் பெயரை மட்டும் இல்லை. கட்டுவதற்கு முன்பே எடுத்தார்கள் என்று சொல்ல இந்த உலகத்தில் இருந்த ஒரே எழுத்து அது. அதில் என் குடை இருந்தால் என்ன? நான் கோர்ட்டில் எழுந்து, ஆமாம், என் கைதான், ஆபீஸ் கொடுத்த தாள் 14-ஐப் பார்த்து வெட்டினேன் என்று சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா? இந்தக் கேள்வியை ஆணி அடிக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். உனக்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆனது அதனால்தான்.

சொல்வேன். பதினாறாம் தேதி சொல்லப்போகிறேன். வக்கீலிடம் சொல்லிவிட்டேன், தலையில் கை வைத்துக்கொண்டார். நீயும் உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. எழுத்து இருந்தது, என்ன இருந்தது, நீ அழித்தது, எல்லாம்.

உன் அண்ணிக்கு இன்னும் சொல்லவில்லை.

அண்ணன்

6 மார்ச்

அண்ணா,

எழுதி அனுப்பிவிட்டேன். நகர அலுவலகத்திலும் சொல்லிவிட்டேன். மாடலைத் துணி போட்டு மூடி, முத்திரை வைத்து எடுத்துப் போனார்கள். என் மேசையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அதற்காக நீ வருத்தப்பட வேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அண்ணிக்கு முன்னாலேயே சொல்லிவிடு. வீட்டில், தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு சொல். அவர் இதைக் கோர்ட்டில் அத்தனை பேர் நடுவில் முதல்முறையாகக் கேட்கக் கூடாது. உன் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கை

21 மார்ச்

சின்னவளே,

தள்ளுபடி ஆகிவிட்டது. வக்கீல் போனில் சொல்லியிருப்பார். எப்படி நடந்தது என்று நான் எழுதுகிறேன்.

நான் எழுந்து சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன், தடுமாறவில்லை. இடது கையைத் தூக்கிக் காட்டினேன். அவர்கள் வக்கீல் சின்ன வயசு, மரியாதையாகத்தான் பேசினான். “ஐயா, அன்னிக்குத் தாள் கொண்டுவந்து கொடுத்தது யாருன்னு சொல்ல முடியுமா?” என்றான். தெரியவில்லை என்றேன். “அந்த வேலை செஞ்சது உங்களுக்கே ஞாபகம் இருக்கா?” என்றான். இல்லை என்றேன். பிறகு உன் முதல் தாளை எடுத்து வாசித்தான்: எழுத்தோ குறியோ இல்லை. அடுத்து இரண்டாவதை வாசித்தான். “ரெண்டும் உங்க தங்கச்சி கையெழுத்துதான். இதுல எது பொய்ங்கய்யா?” என்று கேட்டான். சுரண்டிய இடத்தைப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். ஏதோ இருந்ததை அழித்தார்கள் என்பதற்கு அது அத்தாட்சி இல்லையாம். அண்ணனுக்காகத் தங்கை மாடலிலேயே கை வைத்திருக்கிறாள் என்பதற்குத்தான் அத்தாட்சியாம். படிக்கட்டின் தடத்தையும் அதோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

கடைசியில் அவன் ஜட்ஜைப் பார்த்து, “பெத்த பொண்ண பறிகொடுத்தவர், நாலு வருஷமா யாரையாவது குத்தவாளி ஆக்கணும்னு பாக்கறார். யாரும் கெடைக்கல, இப்ப தன்னையே ஆக்கிக்கிறார். பாவம்” என்று முடித்தான். ஜட்ஜும், “உக்காருங்க பெரியவரே, தண்ணி குடிங்க” என்றார். அவர் குரலில் கரிசனம் இருந்தது. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. எவனாவது ஒருத்தன் எழுந்து ‘நான்தான்’ என்று சொல்ல மாட்டானா என்று இத்தனை நாள் காத்திருந்தேன். நானே எழுந்து சொன்னேன். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள்.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுத ஆசை. இருக்கிறது. ஆனால் அது உனக்காகவும் இல்லை, எனக்காகவும் இல்லை என்று நினைக்கிறேன். எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணியிடம் முன்னாலேயே சொல்லச் சொன்னாய். ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. தினமும் வாயெடுத்தேன், தினமும் அவள் ஏதோ ஒரு வேலையாக இருந்தாள். உண்மையில் அவள் சும்மாதான் இருந்தாள், எனக்குத்தான் வாய் வரவில்லை. கோர்ட்டில் அவள் மூன்றாவது பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த அறையில் நான் சொன்னதை நம்பியது அவள் ஒருத்திதான். முதல் வார்த்தையிலேயே நம்பிவிட்டாள், நான் பார்த்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். டிக்கெட்டை அவளே எடுத்தாள். அப்புறம் ஜன்னலைப் பார்த்தபடியே, “அத வெட்டி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டாள்.

“நாலு தளத்துக்கும் சேத்து அரை நாள்” என்றேன்.

“அவ்வளவுதானா” என்றாள்.

பையை என் மடியில் வைத்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். எங்கள் நிறுத்தம் வர இன்னும் ஒன்பது இருந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்து, “பெரியவரே, அவங்க உங்க கூட வந்தவங்கதானே, நீங்க எறங்கலையா?” என்று கேட்டார். நான் இறங்கவில்லை.

அண்ணன்